கூட நடக்க ஓர் ஆள்

அன்புள்ள மருமகளுக்கு,

வேதாகமம் கையில் இருக்கிறது, போனைத் திறந்தால் பிரசங்கத்துக்குக் குறைவில்லை, பிறகு வழிகாட்ட இன்னொரு ஆள் எதற்கு என்று கேட்டிருந்தாய். மத்தியஸ்தர் இயேசு ஒருவரே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் எடுத்துக் காட்டியிருக்கிறாய். நியாயம்தான். ஆனால் அந்தப் பவுலையே பார். தமஸ்கு வழியில் ஆண்டவரே நேரில் பேசினார். ஆனால் அவர் செய்ய வேண்டியது என்ன என்பதை அங்கே சொல்லவில்லை. ஊருக்குள் போகச் சொல்லிவிட்டு, அனனியா என்ற சீஷனை அவரிடம் அனுப்பினார். அந்த அனனியாவோ, அப்போது சவுல் என்று அழைக்கப்பட்ட பவுலின் பெயரைக் கேட்டே பயந்தவன். மத்தியஸ்தர் வேறு, கூட நடப்பவர் வேறு. போனில் பேசும் பிரசங்கியாருக்கு உன் பெயர்கூடத் தெரியாது. நீ உனக்கே சாக்குச் சொல்லிக்கொள்ளும்போது அவர் எப்படித் தடுப்பார்?

நம் மலையகத்துக்கும் நற்செய்தி ஆட்கள் மூலமாகத்தான் வந்தது. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது, கோப்பித் தோட்டங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உபதேசிமார் வந்தார்கள். லயத்து மக்கள் பேசிய தமிழையே அவர்களும் பேசினார்கள். ஆனால் செலவில் ஒரு பங்கைத் தோட்டத் துரைமார் கொடுத்தார்கள். துரை பணத்தில் வந்தவரிடம் துரையைப் பற்றிய மனக்குறையை ஒரு தொழிலாளி மனம்விட்டுச் சொல்லியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். ஆகவே உன்னிடமோ உனக்கு மேலுள்ளவர்களிடமோ ஆதாயம் பார்க்கிற ஆள் உனக்கு வேண்டாம்.

லயத்தில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இரவில் சொன்னது காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் பேச்சாகிவிடும் என்கிறாய். உண்மை. அப்படியானால் சொந்த லயத்தில் தேடாதே, அடுத்த டிவிஷனிலோ ஹட்டன் டவுனிலோ பார். வழிகாட்டி என்று வருகிறவர்கள் நம்மை ஆட்டிவைப்பார்களே என்ற உன் இன்னொரு பயம்தான் கனமானது. அதற்கு வேதாகமத்தில் வரும் ஏலியைப் பார். அவர் சொந்தப் பிள்ளைகளையே அடக்க முடியாதவர், கண் மங்கிப்போன கிழவர். ஆனாலும் இரவில் கூப்பிடுவது ஆண்டவர்தான் என்று சிறுவன் சாமுவேலுக்குப் புரியவைத்தது அவர்தான். அதன்பிறகு அவனுக்குப் பதிலாகத் தான் போய் நிற்கவில்லை. போய்ப் படு, மறுபடி கூப்பிட்டால் நீயே பதில் சொல் என்று அனுப்பிவிட்டார். குறையுள்ளவரும் வழிகாட்டலாம், குறுக்கே நிற்காதவரை. யாரைக் கட்டுவது, கொழும்புக்கு வேலைக்குப் போவதா என்பதையெல்லாம் "கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று உனக்காக முடிவு செய்கிறவரை விட்டு விலகு, அவர் எவ்வளவு நேரம் முழங்காலில் நின்றாலும் சரி.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அதிகம் பேசாத மூத்த அக்கா யாராவது இருப்பார். முதலில் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பார். அது வெளியே வராவிட்டால், அடுத்த மாதம் பெரியதைச் சொல்.

அன்புடன்,
மாமா