மிளகாய் நிறத்துக்கு ஒரு எண்



ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் நம்மில் பலர் கர்நாடகத்துப் பேடகி மிளகாய் வாங்கி விற்கிறோம். ஹாவேரி மாவட்டத்துச் சரக்கு. காரம் குறைவு, நிறம் அதிகம். 2011-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மூட்டையில் கைவிட்டு அள்ளி, வெயிலில் காட்டி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து விலை பேசுவோம். நானும் நாற்பது வருஷமாக அப்படித்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மசாலா கம்பெனிக்கு ஒரு லோடு அனுப்பினேன். கண்ணுக்கு நல்ல சிவப்பு. மூன்றாம் நாள் போன் வந்தது: "ஆஸ்டா 100 கேட்டோம், உங்கள் சரக்கு 62தான்." ஆர்டரில் அது எழுதியிருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. வாதாட என் கையில் ஒரு காகிதமும் இல்லை. விலையைக் குறைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் விசாரித்தேன்.

ஆஸ்டா என்பது அமெரிக்க மசாலா வணிகர் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். நம்மைப் போல வியாபாரிகள் சங்கம்தான். சோதனை இதுதான். சுமார் 0.1 கிராம் தூளை 100 மில்லி அசிட்டோனில் கலந்து, இருட்டில் 16 மணி நேரம் ஊற வைக்கிறார்கள். நிறம் திரவத்தில் இறங்கிவிடும். தெளிந்த திரவத்தை ஒரு செ.மீ. அகலக் குப்பியில் ஊற்றி, அதன் வழியே 460 நானோமீட்டர் ஒளியை, அதாவது நீல ஒளியை, விடுகிறார்கள். ஏன் நீலம்? மிளகாயின் சாயம் நீலத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பை விட்டுவிடுகிறது. அதனால்தான் நம் கண்ணுக்குச் சிவப்பு. எவ்வளவு நீலம் விழுங்கப்பட்டதோ அவ்வளவு சாயம்.

நன்னாரி சர்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எசென்ஸ் கூடினால் டம்ளருக்கு அப்பால் பார்ப்பது மங்கும். ஒளியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெளியே வந்தால் மெஷின் 1 என்று காட்டும். நூறில் ஒரு பங்கு வந்தால் 2. இப்படி வைத்தால் சாயம் இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கும். லாம்பர்ட் 1760-லும், பீர் 1852-லும் எழுதிய விதிகள் இதற்கு அடிப்படை. அந்த எண்ணை 16.4-ஆல் பெருக்கி, தூளின் எடையால் வகுத்தால் ஆஸ்டா. 0.61 வந்தால் 100. என் சரக்குக்கு 0.38 வந்திருக்கும். மஞ்சளில் குர்குமின் பார்ப்பதும் இதே வழிதான், அங்கே 425.

ஒன்று கவனிக்க வேண்டும். மெஷினுக்குச் சாயத்தின் ஜாதி தெரியாது. சூடான் சாயம் கலந்தாலும் எண் ஏறிவிடும். 2003-ல் பிரான்சில் இந்திய மிளகாய்ப் பொருளில் சூடான்-1 பிடிபட்ட பிறகு, ஐரோப்பாவுக்குப் போகும் மிளகாய்க்குத் தனிச் சான்று கேட்டார்கள். அதற்குத் திரவத்தில் உள்ளதை முதலில் தனித்தனியே பிரித்துவிட்டு அளக்கிறார்கள். ஆகவே ஆஸ்டா நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் தூள் சுத்தம் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

நிறம் நிற்பதும் இல்லை. வெளிச்சமும் சூடும் பட்டால் இறங்கும். தூளாக்கினால் இன்னும் வேகமாக. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கிடந்த மூட்டைக்குப் பழைய ரிப்போர்ட்டைக் காட்டுவதில் அர்த்தமில்லை. இப்போது நான் பத்து மூட்டையிலிருந்தாவது எடுத்துக் கலந்துதான் சாம்பிள் அனுப்புகிறேன். சோதித்த தேதியோடு எண்ணைப் பில்லிலேயே எழுதுகிறேன். அதே சாம்பிளில் ஒரு பொட்டலத்தை இரு தரப்புக் கையெழுத்தோடு சீல் வைத்து, வெளிச்சம் படாத பெட்டியில், பணம் வந்து சேரும்வரை வைத்திருக்கிறேன்.