நாளம் தேடும் கைக்கு

அன்புள்ள மாணவிக்கு,

வார்டுப் பொறுப்பைத் தனியாக ஏற்றுக்கொண்ட பின்பும் நாளத்தினுள் வென்ஃப்ளான் குழலை ஏற்றும்போது கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். நடுக்கம் பழக்கத்தில் நீங்கிவிடும். ஆனால் அதற்குக் காரணமான தயை நீங்காமல் பார்த்துக்கொள். தமக்குக் கொடுத்த மருந்தின் பெயரை மறந்துவிடும் நோயாளி, எத்தனை முறை குத்தினார்கள் என்பதை வீடு திரும்பிய பின்பும் சொல்லிக்கொண்டிருப்பார்.

முற்காலத்தில் எஃகு ஊசியே நாளத்தினுள் தங்கியிருந்தபடியால், கை அசைந்தால் நாளம் கிழிபடுமென்று அஞ்சிக் கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டிவைப்பார்கள். 1950-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேவிட் மாசாவும் அவருடைய சகாக்களும், ஊசியின் மேல் பிளாஸ்டிக் குழலைப் போர்த்தி ஏற்றி, ஊசியை உருவிவிட்டுக் குழலை மட்டும் உள்ளே நிறுத்தும் உபாயத்தை வெளியிட்டார்கள். பிற்பாடு டெஃப்லானும், சரீர உஷ்ணத்தில் மிருதுவாகும் பாலியூரித்தேனும் வந்தன. ஆயினும் எத்தனை நேர்த்தியான குழலும், பொருந்தாத அளவில் பொருந்தாத இடத்தில் ஏற்றப்பட்டால், நாளத்தின் உட்சுவரை உரசிப் புண்ணாக்கவே செய்யும்.

ஆகையால் அளவைத் தேர்வதே உன் பிரதான விவேகம். குழலின் ஆரம் பாதியானால் பாயும் அளவு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுமாதலால், இரத்தப்போக்கோடு வருபவருக்குப் பருமனான குழல் அவசியம். சாதாரண மருந்துக்கோ நீலநிற 22 கேஜ் குழலே போதுமாயிருக்க, வழக்கமென்ற ஒரே காரணத்துக்காகப் அதைவிடப் பருமனான பச்சைநிற 18-ஐ எடுக்காதே. மணிக்கட்டையும் முழங்கை மடிப்பையும் தவிர்த்து முன்கையை நாடு. நோயாளி எந்தக் கையால் உண்பார் என்று கேட்டு, அந்தக் கையை விட்டுவிடு. அன்னியர் ஊட்டி உண்ண நேர்வது பலருக்கு வியாதியைக் காட்டிலும் பெரிய சங்கடம்.

நாள் கணக்குப் பார்த்து, நன்றாக ஓடும் குழலைப் பிடுங்கிவிட்டு மறுபடி குத்துவதையும் யோசித்துச் செய். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 3,283 பேரிடம் நடத்தி 2012-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூன்றாம் நாள் மாற்றியவர்களுக்கும் அவசியம் நேர்ந்தபோது மாற்றியவர்களுக்கும் நாள அழற்சி ஒரேயளவில், 7 சதவீதமாகவே இருந்தது. ஆனால் மாற்றாமல் விடும் உரிமை, ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்பவர்களுக்கே உண்டு. சிவப்போ வீக்கமோ வலியோ கண்டால் உடனே எடுத்துவிடு.

இரண்டு முறை முயன்றும் கிட்டாவிட்டால் மூன்றாம் முறை நீ குத்தாதே. கைதேர்ந்த அக்கா ஒருவரை அழை. அப்போது, “உங்களுக்கு நரம்பே கிடைக்கவில்லையே” என்று நோயாளியிடம் மட்டும் சொல்லிவிடாதே, அம்மா. வலியைப் பொறுத்துக்கொண்டு கையை நீட்டியிருப்பவர் அவர்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் ஆசிரியை