கழிப்பிடம் கட்டினால் மட்டும் போதுமா?

வீடுதோறும் கழிப்பிடம் கட்டுவது ஒரு வாரத்து வேலை. அதைக் காத்து வருவதோ தலைமுறை வேலை. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் பயனாக நம் கிராமங்களில் கழிப்பிடங்கள் பெருகின. அவை நிறைந்தால் என்ன செய்வது என்பதே இப்பொழுது நம் முன் நிற்கும் கேள்வி.

2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். சமவெளி ஊர்களுக்குக் கழிவு அகற்றும் லாரி வந்துவிடும். கல்வராயன் மலைச் சரிவுகளில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு அது ஏறுவது எளிதன்று. ஆதலின், மண் ஆழமுள்ள இடங்களில் இரட்டைக் குழிக் கழிப்பிடமே அங்கு ஏற்றது.

இதன் முறை எளியது. கழிவு ஒரு குழிக்கு மட்டுமே செல்ல வேண்டும். அது நிறைந்ததும் அதன் வழியை அடைத்து, மற்றதைத் திறக்க வேண்டும். அடைத்த குழி சுமார் இரண்டு ஆண்டுகள் ஓய்வில் இருப்பின், நீர் மண்ணில் சுவறி, நோய்க் கிருமிகள் மடிந்து, மலம் நாற்றமற்ற எருவாகும். அது வயலுக்கும் உதவும்.

ஆனால், கொத்தனார் அறியாமையால் இரு வழிகளையும் திறந்துவிட்டால் இரு குழிகளும் ஒருங்கே நிறையும். உட்சுவரைச் சிமெண்டால் பூசிவிட்டால் நீர் சுவறாது. குழி விரைவில் வழியும். அப்பொழுது ஏழை ஒருவரைக் கூலிக்கு அழைத்துக் கையால் அள்ளச் செய்யும் கொடுமை நேரும். மனிதரைக் கொண்டு மலம் அள்ளச் செய்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

மலையில் மற்றொரு கவனமும் தேவை. பாறைப் பிளவுகளின் வழியே கழிவுநீர் ஊற்றுகளை அடையக்கூடும். கல்வராயனில் பிறக்கும் கோமுகி ஆற்று நீர் சமவெளி வயல்களுக்குப் பாய்வதையும் மறவாதீர். ஆகவே குழி வெட்டுமுன் பொறியாளரைக் கலந்து, கிணற்றுக்கும் ஊற்றுக்கும் எட்ட இடம் தேர்வோமாக.

1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் சுகாதாரத்தையும் சேர்த்துள்ளது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று: ஊர்க் கொத்தனாருக்குப் பயிற்சி அளித்தல், எந்த வீட்டில் எக்குழி எந்நாளில் அடைக்கப்பட்டது என்று பதிவேட்டில் குறித்தல், குழி மாற்றும் முறையை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கற்பித்தல்.

வெள்ளிமலைக் கொத்தனாரும் அவர் கட்டிய கழிப்பிடத்தைப் பேணும் குடும்பமும் இதனை நன்கறிந்தால், நாட்டின் சுகாதாரத் திறமை அவ்வளவு உயர்ந்ததாகும். அடுத்த கிராம சபையிலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.