தவணை கேட்டு போன் வந்தால்

ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் முதல் ஒன்றிரண்டு வருஷம் விளைச்சல் குறையலாம். கடன் தவணை குறையாது. தவறினால் போன் வரும். பலர் பயந்து எடுப்பதே இல்லை. வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: எடுக்காதவரை, 'கட்ட மனசில்லாதவர்' கணக்கில்தான் நம்மைச் சேர்ப்பார்கள்.

எடுங்கள். முதலில் நாம கேட்கணும்: பேர் என்ன, எந்த நிறுவனம், எந்தக் கடன், பாக்கி எவ்வளவு? தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். போனை வைத்தால் போதும் என்று முடியாத தேதியைச் சொல்லிவிடாதீர்கள். ஓடிபி சொல்லாதீர்கள். பணத்தைக் கடன் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள்.

அவர்களுக்கும் வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக போன் செய்யக் கூடாது. நுண்கடன் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரைதான். மிரட்டுவதும், ஊர் முன்னால் அவமானப்படுத்துவதும், சொந்தக்காரங்களைத் தொந்தரவு செய்வதும் தடை. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

"நாளைக்கே நிலம் ஏலம்" என்று மிரட்டினால் நடுங்க வேண்டாம். சர்ஃபாசி சட்டத்தின் 31ஆவது பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு தருகிறது. வேறு சட்ட வழிகள் உண்டு. ஆனால் நோட்டீஸ் இல்லாமல் ஒரே நாளில் எதுவும் நடக்காது.

போன் பேச்சோடு விடாதீர்கள். ஏன் தவறியது, அறுவடை எப்போது, எவ்வளவு கட்ட முடியும் என்று கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் போயிருந்தால், தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி அதிலேயே கேளுங்கள். கேட்காமல் யாரும் தர மாட்டாங்க.