இஞ்சி ரொட்டிப் பெட்டி

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் பரிசுப் பண்டத்தைவிட அதை வைத்திருக்கும் பெட்டியே நம் கண்ணைப் பறிக்கிறது. பண்டம் தீர்ந்ததும் அப்பெட்டி குப்பைக்குப் போகிறது. பெட்டியையும் சேர்த்து உண்ண முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அத்தகைய பெட்டி ஒன்றை, நம் கொல்லிமலையில் விளையும் பொருள்களையும் சேர்த்து வீட்டிலேயே செய்வது எப்படி என்று இங்கே காண்போம்.

மேலைநாடுகளில் இதைச் செய்யும் ரொட்டிக்கு 'ஜிஞ்சர்பிரெட்' என்று பெயர். ஜெர்மனியின் நூரென்பர்க் நகரம் இவ்வகை ரொட்டிக்குப் புகழ் பெற்றது. 1395ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அங்கு இதைச் சுடுவோரைப் பற்றிய குறிப்பு உண்டு. மாவு ஒட்டாதிருக்க, நற்கருணை அப்பத்தைப் போன்ற மெல்லிய தகட்டின்மீது வைத்துச் சுடும் வழக்கம் இன்றும் அங்கே இருக்கிறது. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில், காட்டில் வழி தவறிய அண்ணனும் தங்கையும் காணும் வீடு ரொட்டியால் ஆனது. அதன் சன்னல்கள் சர்க்கரையால் ஆனவை. பிள்ளைகள் ரொட்டி வீடு கட்டி மகிழும் வழக்கம் அக்கதையோடு சேர்ந்து பரவியது.

அப்படியானால் இது அயல்நாட்டுப் பண்டம்தானே என்று கேட்கலாம். 'ஜிஞ்சர்' என்ற சொல்லின் வேர் நம் 'இஞ்சி'யே என்று மொழியறிஞர் கூறுவர். வணிகரோடு கடல் கடந்து, கிரேக்கத்திலும் இலத்தீனிலும் உருமாறி, அது ஆங்கிலத்துக்குச் சென்றது. இதில் சேரும் மிளகோ நம் மலைத் தோட்டங்களில் கொடியாகப் படர்ந்து கிடக்கிறது. போன மகள் பிறந்த வீடு திரும்பியது போலத்தான் இப்பண்டம் நம்மிடம் வருகிறது!

மாவுக்குக் கேழ்வரகைத் தேர்ந்தோம். அதற்குக் காரணம் உண்டு. திண்ணனூர் நாடு, வளப்பூர் நாடு முதலிய மலை நாடுகளில் ஒருகாலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் நிறைந்திருந்த பல கொல்லைகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. சேகோ ஆலைகள் வாங்கிக்கொள்வதால் மரவள்ளிக்குக் கையில் காசு கிடைக்கிறது, குறை சொல்வதற்கில்லை. சாமையை உரலில் இடித்துப் புடைக்கும் கடும் உழைப்பு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மலைமக்களோடு சேர்ந்து இத்தானியங்களைக் காக்க உழைத்ததும், உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவந்ததும் இதனால்தான். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆனால் உண்பவர் இருந்தால்தானே விதைப்பவர் இருப்பார்?

தேவையான பொருள்கள் (இரண்டு சிறு பெட்டிகளுக்கு): சலித்த கேழ்வரகு மாவு 100 கிராம், மைதா அல்லது சலித்த கோதுமை மாவு 150 கிராம், வெல்லம் 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், சுக்குத் தூள் 2 தேக்கரண்டி, மிளகு, பட்டை, கிராம்பு மூன்றும் சேர்த்துப் பொடித்த தூள் 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை: வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, வெண்ணெய் சேர்த்து இளஞ்சூட்டில் இறக்குங்கள். மாவு, தூள்கள், உப்பு ஆகியவற்றைக் கலந்து, பாகைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பூரி மாவைப் போலக் கெட்டியாகப் பிசைந்து, அரைமணி நேரம் மூடி வையுங்கள். பிறகு நெய் தடவிய தட்டின்மீதே அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து, அட்டையில் வெட்டிய அளவை வைத்துக் கத்தியால் அறுங்கள். அடி 8 செ.மீ. சதுரம், மூடி 9 செ.மீ. சதுரம். சுவர்கள் 4 செ.மீ. உயரம், இரண்டு 8 செ.மீ. நீளமும், அவற்றுக்கு இடையே நிற்கும் இரண்டு 7 செ.மீ. நீளமும் இருக்கட்டும்.

அடுப்புப் பெட்டி இல்லாத வீட்டில், கனமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, மூடிச் சூடேற்றி, உள்ளே ஒரு வளையத்தின்மீது தட்டை வைத்து, சிறு தீயில் அரைமணி நேரம் சுடலாம். ஓரம் இறுகி, சுக்கு மணம் எழுந்தால் பதம். சூடாக இருக்கும்போதே ஓரங்களைச் சீராக்கி, நன்றாக ஆறவிடுங்கள்.

ஒட்டுவதற்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் 200 கிராம் பொடித்த சர்க்கரையும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடியுங்கள். பச்சை முட்டை வேண்டாதவர் சர்க்கரையை உருக்கி ஒட்டலாம்; அது கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடும், ஆகவே பெரியவர் கையால்தான் செய்ய வேண்டும். சுவர்களைக் கிண்ணங்களால் முட்டுக்கொடுத்து இரண்டு மணி நேரம் விடுங்கள்.

நாங்கள் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறோம். முதன்முறை கேழ்வரகை மட்டும் கொண்டு செய்தோம். தூக்கும்போதே சுவர் விரிந்தது. கோதுமையில் உள்ள பசைத்தன்மை கேழ்வரகில் இல்லை. இரண்டும் கைகோத்தால்தான் பெட்டி நிற்கும். அடுத்த முறை, வாசனைக்கென்று வெல்லத்துக்குப் பதில் மலைத்தேன் ஊற்றினோம். இரவு திறந்து வைத்த பெட்டி, மார்கழிப் பனியில் நனைந்து காலையில் சாய்ந்து கிடந்தது. தேன் காற்றின் ஈரத்தை விரைவில் இழுத்துக்கொள்ளும். வெல்லமும் இழுக்கும், சற்றுக் குறைவாக. ஆகவே பெட்டியை மூடிய தகர டப்பாவில் வையுங்கள். உள்ளே கடலை மிட்டாய் போன்ற உலர்ந்த பண்டங்களையே நிரப்புங்கள். மலையிறங்கி ஊருக்குக் கொண்டுபோவதானால், எழுபது கொண்டை ஊசி வளைவுகளை நினைவில் கொண்டு, துண்டுகளைத் தட்டையாக அடுக்கிச் சென்று, போன இடத்தில் ஒட்டுவதே நலம்.

முதல் பெட்டியை யாருக்குக் கொடுப்பது? விலை கொடுத்துப் பரிசு வாங்க முடியாத வீட்டுக்கும், யாரும் கதவு தட்டாத முதியவருக்கும் கொடுப்போம். 'பெத்லகேம்' என்ற எபிரேயப் பெயருக்கு 'அப்பத்தின் வீடு' என்பது பொருள். அந்த அப்பத்தின் வீட்டில் பிறந்த பாலனின் விழாவில், நம் நிலத்துத் தானியத்தால் ஒரு சிறு வீடு கட்டிப் பிறர் வாசலில் வைப்போம். அதை உடைத்துப் பகிர்ந்து உண்ணும்போது, குப்பைக்குப் போக ஒன்றும் மிஞ்சாது. நெஞ்சில் மட்டும் கொஞ்சம் இனிப்பு மிஞ்சும்.