கோமுகியில் ஏறி, தும்பலில் இறங்கலாம்

சென்னையிலிருந்து சேலம் போகும் கார்கள் உளுந்தூர்பேட்டையில் திரும்பி, கள்ளக்குறிச்சியைப் புறவழிச்சாலையில் கடந்து, ஆத்தூரைப் பார்த்துப் பறந்துவிடுகின்றன. வலதுபுறம் வெகுதூரத்துக்கு ஒரு நீல மலைத்தொடர் கூடவே வருகிறது. ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் அவசரமாகப் போகிறவர்கள் அதன் பெயரைக்கூடக் கேட்பதில்லை. அதுதான் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது மலையின் ஒரு பெரும்பகுதி அதற்குள் வந்தது. மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருக்கிறது.

இந்த மலைக்கு வருகிறவர்களில் பலர் ஒரு அருவியில் குளித்துவிட்டு, ஏறிய வழியிலேயே இறங்கிவிடுகிறார்கள். அப்படி வந்தால் மலையின் பாதி கண்ணில் படாமலே போய்விடும். கள்ளக்குறிச்சியில் தொடங்கி கச்சிராயபாளையம், கரியாலூர், வெள்ளிமலை, கருமந்துறை வழியாகத் தும்பலில் இறங்கி வாழப்பாடியில் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஏறி இன்னொரு மாவட்டத்தில் இறங்கும் இந்தப் பாதைதான் கல்வராயனை முழுசாகக் காட்டும். விடியற்காலையில் கிளம்பினால் ஒரே பகலில் முடிகிற தூரம்தான்.

பயணத்தை அடிவாரத்துக் கோமுகி அணையிலிருந்து தொடங்குவது நல்லது. கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் வரும் இந்த அணையின் முழு உயரம் 46 அடி. கரையில் ஐந்து நிமிடம் நின்று தண்ணீரைப் பார்த்தாலே மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். வந்து விழும் தண்ணீர் செம்மண் கரைத்த நிறத்தில் இருந்தால் மலையில் நேற்று நல்ல மழை. அருவிப் பக்கம் இறங்க வேண்டாம். அணை வற்றித் தரை தெரிந்தால் அருவியில் நூல் மாதிரிதான் விழும். தெளிந்த தண்ணீர் நிறைய நின்றால் நல்ல நேரத்தில் வந்திருக்கிறோம் என்று நம்பி ஏறலாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மார்கழியும் தையும் இந்த மலைக்கு ஏற்ற மாதங்கள். சித்திரை வெயிலில் அருவி தேடி வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

பெரியார் நீர்வீழ்ச்சி வெள்ளிமலை போகும் சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே எப்போதும் கூட்டம். மேகம் நீர்வீழ்ச்சிக்குக் காட்டுக்குள் நடந்து இறங்க வேண்டும். எதற்குப் போனாலும் அன்றைக்கு அனுமதி உண்டா என்று வனத்துறையினரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளக் காலத்தில் குளிக்கத் தடை போடுவார்கள். அதை மீறி ஓரமாக இறங்கும் இளைஞர்களைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. சாலையோரத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, பாறைமேல் ஏறிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து, "மேல பேயறது இங்க தெரியாது தம்பி, தண்ணி வந்த பொறவுதான் தெரியும், இறங்கி வாங்க" என்று சத்தம் போட்டார். எந்த எச்சரிக்கைப் பலகையும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

காட்டுப் பாதையில் வழிகாட்டி இல்லாமல் நடப்பதும் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட முடியாது. மாசி, பங்குனியில் கல்வராயனும் அதே மாதிரிக் காய்ந்த இலையுதிர்க் காடுதான்.

இனி வண்டி ஓட்டுவது பற்றி. மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பாரத்தோடு ஏறும் வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது எவ்வளவு சிரமம் என்பது அதை ஓட்டியவருக்குத்தான் தெரியும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாவது கியரில் இஞ்சினைப் பிடித்து இறங்க வேண்டும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும். பெட்ரோலைக் கள்ளக்குறிச்சியிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. வழி காட்ட செல்போனையே நம்பி ஏறவும் கூடாது. பல திருப்பங்களில் சிக்னல் இருக்காது. வெள்ளிமலையில் யாரையாவது நிறுத்தி "அண்ணே, கருமந்துறைக்கு எப்படி?" என்று கேட்டால் போதும், சாலை இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.

கரியாலூரில் படகுக் குழாமும் பூங்காவும் இருக்கின்றன, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்ற இடம். அதைத் தாண்டிய பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. ஏற்றம் முடிந்து மலை மேடும் பள்ளமுமாக விரிகிறது. ஓட்டு வீடுகள், சாமை வயல்கள், பலா மரங்கள், அப்புறம் மலைச்சரிவெல்லாம் மரவள்ளி. தை, மாசியில் போனால் கிழங்கு பிடுங்குவதைப் பார்க்கலாம். இரண்டு பேர் தூரைப் பிடித்து ஆட்டி மேலே இழுக்கிறார்கள். ஈர மண்ணோடு கிழங்குக் கொத்து எழுந்து வருகிறது. ஒருவர் அரிவாளால் கிழங்கை வெட்டிக் குவிக்கிறார். இன்னொருவர் குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி நிழலில் சாத்துகிறார், அதுதான் அடுத்த நடவுக்கு விதை. பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் மாவுச்சத்து கெட்டு விலை இறங்கிவிடும். ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் அந்த லாரிகள் ஏன் அவ்வளவு அவசரமாக ஓடுகின்றன என்பதற்குக் காரணம் இதுதான். பின்னால் ஹாரன் கேட்டால் கோபப்படாமல் ஓரம் கட்டுங்கள். உங்களுக்கு அது சுற்றுலா, அவர்களுக்கு ஒரு வருட உழைப்பு.

சாலையின் ஓரத்தில் சாமையும் கடுக்காயும் காய்ந்துகொண்டிருக்கும். டயர் ஏற்றிவிடக் கூடாது. கல்வராயன் கடுக்காய்க்கு வெளியூர்ச் சந்தையிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் நல்ல பெயர். தேன், புளி, சாமை அரிசி எதுவானாலும் இங்கேயே வாங்கலாம். பேரம் பேசிக் குறைக்காமல் வாங்கினால் இன்னும் நல்லது.

ஏனென்றால் இந்த மலையின் கதை லேசானதல்ல. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்கிறார்கள். கோவில்புத்தூர் கரியராமர் அவர்களுடைய தெய்வம். மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த இந்த மலை 1976-இல்தான் முழுமையாக அரசின் நிர்வாகத்துக்கு வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, மருத்துவமனை என்று மக்கள் காலங்காலமாகக் கேட்டுவந்தவையெல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்டன. சுற்றுலா வருகிறவர்கள் குண்டும் குழியுமான ஒரு கிளைச்சாலையைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு முன்னால், பிரசவ வலியோடு அந்தச் சாலையில் இறங்குகிற ஒரு பெண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அருவிக்கரையில் உடைந்து கிடக்கும் மது பாட்டில்கள் இன்னொரு வேதனை. அங்கே வெறுங்காலோடு ஆடு ஓட்டிப் போகிறவர்கள் மலைக்காரர்கள். கண்ணாடி பாட்டில் எதையும் கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

வெள்ளிமலையில் சாப்பிட்டுவிட்டு மேற்கே கருமந்துறைக்குப் போனால் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. மலைமேல் நூற்றுக்கணக்கான ஏக்கரில் மாவும் பலாவும் கொய்யாவும். தோட்டம் வைத்திருக்கிறவர்கள் ஒட்டுக்கன்று கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். இங்கிருந்து ஓடைகள் மேற்கும் தெற்குமாக இறங்கி வசிஷ்ட நதிக்குப் போகின்றன. கிழக்கே இறங்கிய கோமுகி மணிமுக்தாவில் சேருகிறது. இரண்டு பக்கத்துத் தண்ணீரும் கடைசியில் வெள்ளாற்றில்தான் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. காலையில் அணைக்கரையில் நின்று பார்த்த தண்ணீருக்கும் மாலையில் தும்பல் இறக்கத்தில் பார்க்கும் ஓடைக்கும் போய்ச்சேரும் இடம் ஒன்றுதான்.

கருமந்துறையை விட்டு நாலு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மார்கழியில் பனி சீக்கிரமே இறங்கும், வளைவுகளில் விளக்கு கிடையாது, கரடி நடமாடும் காடு வேறு. கார் இல்லாதவர்கள் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை பஸ் பிடிக்கலாம். ஏறும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.