மூலையில் ஒரு சாப்பாட்டுத் திண்ணை

கேள்வி: எங்கள் ஃபிளாட் தரைத்தளம். சமையலறை ஓரத்தில் 8க்கு 6 அடி மூலை சும்மா கிடக்கிறது. ஐந்து பேர் சாப்பிட, சுவரோடு பெஞ்ச் அடிக்கலாமா?
– வாசகி, கோவிலம்பாக்கம்

பதில்: தாராளமாக. ஆனால் தச்சருக்கு முன் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். உங்களுடையது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதி. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் தரைத்தளத்து மரச்சாமான்களை என்ன செய்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிளைவுட் ஊறினால் உப்பிப் பிரியும், பிறகு கரையான். செங்கல் கட்டி மேலே கடப்பாக்கல் போட்டால் கழுவித் துடைத்துவிட்டு உட்காரலாம். கல்லின் முன்விளிம்பை மட்டும் உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். தவழ்ந்து எழும் குழந்தையின் நெற்றி அங்கேதான் இடிக்கும்.

‘ட’ வடிவில் கட்டுங்கள். மெத்தையோடு சேர்த்து உயரம் 18 அங்குலம், மேஜை 30, ஆளுக்கு 24 அங்குல அகலம். மேஜை விளிம்பு பெஞ்சுக்கு மேல் 3 அங்குலம் நீண்டிருந்தால் சாம்பார் மடியில் சிந்தாது. மேஜைக்கு நடுவில் ஒற்றைக்கால் போதும்; நான்கு கால் இருந்தால் உள்ளே நகர்ந்து போகிறவர் முட்டி பெயரும்.

மூடி போட்ட பெட்டி பெஞ்ச் வேண்டவே வேண்டாம். பருப்பு டப்பா எடுக்க, சாப்பிடுகிறவரை எழுப்புவீர்களா? முழங்கால் வலிக்காரர் வீட்டில் இருந்தால், வெளிப்பக்கம் அவருக்குக் கைவைத்த நாற்காலி ஒன்று.